சும்மா தின்றவை

1

இந்தக் கதை ஒரு பூஜ்யத்திலிருந்து பிறந்தது. அதற்குக் காரணம் நான். 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்று வீடு வீடாகக் கேட்கும் படிவத்தை நான்தான் தயாரித்தேன். முப்பது வரிசைகள். காட்டில் பறித்ததற்கு ஒன்றுகூட இல்லை.

2

முதல் தொடக்கம்: "பசுமையான காட்டோரத்தில் ஓர் ஏழைத் தாய்..." (வேண்டாம். அவள் செங்கல் சூளைக்காரி, வாய்த்துடுக்கு அதிகம்.)

நடந்ததைச் சொல்கிறேன். என் படிவத்தோடு போன செவிலி அவளிடம் கேட்டாள்:

"நேத்து மதியம் மகளுக்கு என்னம்மா குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. நான் சூளையில இருந்தேன். அதுவா சும்மா எதையோ தின்னுச்சு."

செவிலி பூஜ்யம் போட்டாள். அந்த ஊர்ப் பேச்சில் அடுப்பேறியதுதான் சாப்பாடு. புதரோரம் நின்று தின்பது 'சும்மா'.*

*அன்றைய சும்மா: ஒரு கை கீரைக் கொழுந்து, மடி நிறையப் புளிப்புப் பழம். கீரையிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. பழத்திலுள்ள வைட்டமின் சி அதைக் குடல் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றித் தரும். ஆனால் இரண்டையும் சேர்த்துத் தின்ன வேண்டும். ஆறு வயதுச் சிறுமி சேர்த்துத்தான் தின்றாள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! நாங்கள் போட்ட மதிப்பெண்தான் உங்களுக்குத் தெரியுமே.

3

பூஜ்யங்கள் சேர்ந்து அறிக்கையாயின: 'காட்டிலிருந்து மக்களுக்கு உணவு ஏதும் கிடைப்பதில்லை.' அதைச் சான்றாகக் காட்டி, காட்டைச் சுற்றி வேலி போட்டார்கள். நான்கே மாதத்தில் சிறுமியின் ஹீமோகுளோபின் பதினொன்றரையிலிருந்து எட்டுக்கு இறங்கியது. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், குமட்டுகிறதென்று துப்புகிறாள்.

(இங்கே ஒரு நல்ல அதிகாரியை நுழைத்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அனுப்பிவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: வேலி அகற்றப்படுகிறது. (பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: சிறுமி... இல்லை. என் கோபத்துக்குத் தீனியாக அவளைக் கொல்ல மாட்டேன்.

வேலி இருக்குமா போகுமா என்று முடிவு செய்யும் மறு ஆய்வு நாளை. அதே படிவம்தான். சிறுமியின் தாயிடம் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏன் சார், கடை பிஸ்கட்டுக்குத் தனி வரிசை இருக்கு. எங்க கிழங்குக்கு எடம் பத்தலையா?"

"என் தப்புதாம்மா."

"தப்ப உலையில போட்டா வேகுமா? பேனாவ எடுங்க. ஒவ்வொண்ணாச் சொல்றேன்."

கிழங்கு நான்கு, கீரை பதினொன்று, பழம் ஒன்பது, காளான் மூன்று. வரிசை இல்லாததால் படிவத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

ஓரத்தில் எழுதியவை கணக்கில் சேரா என்பது அந்தப் படிவத்தின் விதி. அதையும் நான்தான் எழுதினேன். வாசகரே, நாளை ஆய்வு மேசையில் உங்களை உட்கார வைக்கிறேன். அவள் எதிரே நிற்கிறாள், நிற்கத் தெம்பில்லாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. படிவத்தைப் படியுங்கள்.