சேஃப்டி போட்டிருந்தது

தூறல் என்றால் வேல்ஸ் தூறல். கொட்டித் தொலைக்கவும் தொலைக்காது, விடவும் விடாது. ஹெஃபின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி, உறையோடு துப்பாக்கியை எடுத்தார். அண்ணன் இட்வல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வரலையா?"

"நான் எதுக்கு? நீயே காட்டிட்டு வா."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற இரண்டு கிழட்டுப் பிரம்மச்சாரிகள். ஆட்டைப் பற்றிப் பேசுவார்கள், நாயைப் பற்றிப் பேசுவார்கள். இந்தத் துப்பாக்கியைப் பற்றி மட்டும் முப்பது வருஷமாக வாய் திறந்ததில்லை.

முயல் சுடப் போன ஒரு சாயங்காலம், இட்வல் கல்சுவரிலிருந்து குதித்தார். கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. முன்னால் போன தம்பியின் முழங்கால் சிதறிப்போயிற்று. "சேஃப்டி போட்டிருந்தேன், விசையில விரலே வைக்கல" என்று இட்வல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யார் நம்பினார்கள்? சேஃப்டிப் பூட்டுப் போட்ட துப்பாக்கி வெடிக்குமா என்ன? அப்பா சாகும்வரை அவரைப் பொய்யன் என்றார். ஹெஃபின் அதைக்கூடச் சொல்லவில்லை. 'அண்ணே' என்று கூப்பிடுவதை விட்டார், அவ்வளவுதான்.

இப்போது பண்ணையை விற்றாயிற்று. இருவருக்கும் முடியவில்லை. டவுனில் சின்ன வீடாகப் பார்த்தாயிற்று. தாத்தா காலத்துத் துப்பாக்கியையும் தள்ளிவிட வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்கிற நெஸ்டாவிடம் ஒரு தடவை காட்டாமல் தொடமாட்டேன் என்று ஏலக்காரன் சொல்லிவிட்டான்.

நெஸ்டாவுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே துப்பாக்கியை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தாள். இரட்டைக் குழலைத் தனியாகக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்ன மாமா, குழல் உள்ள முகம் பாக்கலாம் போலிருக்கு!"

"வருஷா வருஷம் நான்தானே எண்ணெய் போடுறேன்."

குழலைக் கம்பியில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டினாள். கோயில் மணியாட்டம் நின்று ஒலித்தது. விரிசல் இல்லை, பள்ளம் இல்லை.

"சரி, உள்ள இருக்கிற யந்திரத்தை எப்பவாச்சும் கழட்டிப் பாத்திருக்கீங்களா?"

"அதை எதுக்குப் பாக்கணும்? குழல் நல்லாருந்தா துப்பாக்கி நல்லாருக்குன்னு அப்பா சொல்வாரு."

"நல்லா சொன்னாரு போங்க. சட்டையை மட்டும் தோச்சுப் போட்டுட்டுக் குளிக்காம இருந்த கதைதான்."

குழலை மறுபடி பூட்டி, வெடிக்காத போலித் தோட்டாக்களைப் போட்டு மூடினாள். சேஃப்டியை இழுத்தாள். "என் விரலைப் பாத்துக்கோங்க, விசைகிட்டகூட இல்ல" என்று சொல்லி, துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகத்தை ரப்பர் விரிப்பில் ஓர் இடி இடித்தாள்.

உள்ளே 'டிக்' என்றது.

"என்ன சத்தம் அது?"

"நிஜத் தோட்டாவா இருந்தா வெடிச்சிருக்கும் மாமா. இந்த மாதிரி துப்பாக்கில சேஃப்டி விசையை மட்டும்தான் புடிக்கும். உள்ள தோட்டாவை அடிக்கிற சுத்தியலைப் புடிக்காது. சுத்தியல் மாட்டுற பல்லு தேஞ்சுபோச்சு, இடி பட்டா வழுக்கிடுது."

ஹெஃபின் குனிந்து துப்பாக்கியைப் பார்த்தார். "இப்ப சமீபத்துல தேஞ்சிருக்குமோ?"

"கடைசியா எப்ப சுட்டீங்க?"

"முப்பது வருஷம் ஆச்சு."

"அலமாரியில சும்மா கிடந்தா தேயுமா? அப்பவே தேஞ்சதுதான்."

"இன்னொரு தடவை இடி."

இடித்தாள். 'டிக்.'

ஹெஃபின் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கத் தெரிந்த கதை அது, நெஸ்டாவுக்கும் தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தோட்டாவை எடுக்காம சுவர் தாண்டினது தப்புதான். ஆனா அவர் பொய் சொல்லல மாமா."

ஐயோ பாவி, ஒரு இடியில் தெரிகிற விஷயம்! வருஷா வருஷம் அதைக் கையில் எடுத்து, துடைத்து, முழங்காலைப் பார்த்து மனசுக்குள் அண்ணனைக் கரித்துக்கொட்டிவிட்டு மறுபடி பூட்டி வைத்தது தன் கைதானே! துப்பாக்கியை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

வண்டிக் கண்ணாடியை இறக்கி இட்வல் கேட்டார். "என்ன, வெறுங்கையோட வர்ற? விலை போகாதாமா?"

"குழல் நல்லாருக்கு." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சேஃப்டி போட்டாலும் வெடிக்குது. விரலே வைக்க வேணாம், இடிச்சா போதும். என் கண்ணால பாத்தேன். நீ பொய் சொல்லல அண்ணே."

இட்வல் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போய்ப் போய் வந்தது. கத்துவார், திட்டுவார், திட்டினால்கூடத் தேவலை என்று ஹெஃபின் காத்திருந்தார்.

"நான் விசையை அமுக்கியிருப்பேன்னுதான்டா நினைச்சேன்" என்றார் இட்வல். "முதல்ல ஒரு ரெண்டு வருஷம் இல்லேன்னு எனக்கே சொல்லிப் பாத்தேன். அப்புறம் எல்லாரும் சொல்றாங்களே, அமுக்கித்தான் இருப்பேன்னு நானே நம்பிட்டேன். விரல் பட்டது ஞாபகம்கூட இருக்குடா எனக்கு."

ஹெஃபின் கதவிலிருந்து கையை எடுத்தார். தூறல் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

இட்வல் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"அந்தப் பொண்ணு எனக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுமா?"