ஐயாத்துரை சேருக்கு நீந்தத் தெரியாது

அக்கா, அவர் என்ர கழுத்தை விடேல்லை. "விடுங்கோ சேர், விடுங்கோ" எண்டு கத்துறன், வாய்க்குள்ள உப்புத் தண்ணி போகுது. அவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். ரெண்டு பேரும் கீழ போறம். இறங்குதுறைத் தூணில இருக்கிற பாசிதான் கண்ணுக்குத் தெரியுது.

அப்பதான் அவர் படிப்பிச்சது ஞாபகம் வந்தது. தாழுறவன் கழுத்தைப் பிடிச்சா நீயும் கீழ போ, அவன் தானா விடுவான். பிறகு பின்பக்கத்தால வந்து நாடியைத் தூக்கி, முகம் தண்ணிக்கு மேல நிக்கப் பிடிச்சு இழு.

நான் கீழ போனன். விட்டார். இழுத்துக்கொண்டு வந்து படியில போட்டன்.

ஓம், ஐயாத்துரை சேரைத்தான். கடற்பயிற்சி வகுப்புக்குப் போறன் எண்டு சொன்னனெல்லே, அதை நடத்துறவர். முப்பத்தொரு வருசம் கப்பல்ல நிண்ட மனுசன். நான் மிதக்கிறது பிழை எண்டு எட்டிக் காட்டப்போய்ச் சறுக்கி விழுந்தவர். மற்றப் பிள்ளையள் எல்லாம் குறிகட்டுவான் பஸ் நிக்கிற இடத்தில வடை தின்னப் போயிட்டினம். ஒருத்தரும் காணேல்லை.

இருமி முடிய முதல் சொன்ன கதை என்ன தெரியுமோ?

"நாடியில ரெண்டு விரல்தான் வைக்கவேணும். நீர் என்ர தொண்டையை நெரிச்சனீர். அஞ்சு புள்ளி குறைப்பன்."

"சேர், உங்களுக்கு நீந்த..."

"நீந்திப் போறதெண்டா கம்பனிக்காரன் ஏன் கப்பல் வாங்கினவன்?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவர் பஸ் நிக்கிற பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதையும் பிள்ளை" எண்டார், மெல்லமா.

சொன்னா வகுப்பை மூடிப்போடுவினம். அவர் கையெழுத்து வைக்காட்டி எனக்குச் சேர்ட்டிபிக்கற்றும் இல்லை, கப்பல் வேலையும் இல்லை. அதோட, அவர் ஒழுங்காப் படிப்பிக்கேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அவர் படிப்பிச்சதாலதானே அவர் உயிரோட இருக்கிறார்.

நாளைக்குத்தான் சோதினை. வள்ளத்தில நயினாதீவுப் பக்கம் ஆழத்துக்குக் கொண்டுபோய், லைப் ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டுக் குதிக்கவேணும். பன்னிரண்டு பேர். அதில எங்கட தம்பி மிதுஷனும் ஒருத்தன். அவன் இன்னும் நாய் நீச்சல்தான் அக்கா.

"நீங்களாவது ஜக்கெற்றைப் போடுங்கோ சேர்" எண்டு கெஞ்சினனான்.

"மாஸ்டர் போட்டா பிள்ளையள் பயந்திடுங்கள்."

"ஆராவது தண்ணிக்குள்ள தாழத் தொடங்கினா?"

"குதிப்பன். என்ர பொறுப்பெல்லே."

பகிடிக்குச் சொல்லேல்லை. அந்த மனுசன் உண்மையாவே குதிக்கும்.

அம்மா பக்கத்தில நித்திரை. கதைச்சா எழும்பிடுவா, அதுதான் எழுதுறன். உங்க கனடாவில இப்ப பகல்தானே, பாத்தவுடன சொல்லுங்கோ. மிதுஷன் தாழத் தொடங்கி, அவனைப் பிடிக்கச் சேரும் குதிச்சா, நான் ஆரை முதல் பிடிக்கிறது?