மீதியை நீயே படி

அறிவொளி வகுப்பு முடிந்த பிறகும் சொர்ணம் டீச்சர் எங்கள் பருத்திப்பட்டு ஊரை விடவில்லை. பிள்ளைகளுக்கான புதுக் கதைப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய எங்கிருந்தோ வாங்கிவந்து, எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கும்படி கங்காதரன் சைக்கிள் கடை அலமாரியில் அடுக்கினார். மேலேயும் கீழேயும் டயர், டியூப். நடுத்தட்டில் புத்தகம்.

"பொங்க வரைக்கும் பாப்பேன் டீச்சர். ஒர்த்தனும் எடுக்கலன்னா தட்ட காலி பண்ணிடுவேன். எனக்கு செயின் வைக்க எடமில்ல" என்றார் கங்காதரன்.

அந்தத் தட்டு போனால் முதல் நஷ்டம் எனக்குத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அச்சுக்கு மண் அள்ளுகிறவள் நான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்து கற்றவள். பேப்பரில் வரும் பொடி எழுத்து கண்ணில் நிற்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று பெரிய எழுத்தில் அச்சடித்த கதைகள்தான் எனக்கு ஒத்துவரும். வேலை விட்டு வந்து உலை வைத்தால், சோறு வேகிறவரை இரண்டு பக்கம் படிப்பேன். எனக்கென்று இருந்த நேரம் அவ்வளவுதான்.

"நீங்கதானே எல்லாத்தையும் படிக்கிறீங்க பார்வதம்மா. எது நல்லா இருக்குன்னு பசங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சொன்னேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து, முதலை வளர்த்த தபால்காரர் கதை, வாயே திறக்காத வாத்தியார் கதை என்று ஒன்று விடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ரொம்ப நல்ல புக்கு, எடுத்துப் படிங்க" என்று ஒவ்வொரு தடவையும் முடித்தேன். ஒரு பிள்ளையும் கடைப் பக்கம் போகவில்லை.

"இன்னா பார்வதம்மா, உன் யாவாரம் படுத்துக்கிச்சா?" என்று கேட்டார் கங்காதரன்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தின் மகள் சுசீலாவைப் பிடித்துக் கேட்டேன். ஐந்தாவது படிக்கிறவள், வாய் நீளம்.

"ஏண்டி, எத்தினி புக்கு சொன்னேன். ஒண்ணாவது எடுத்தியா?"

"அதான் நீயே ஃபுல்லா சொல்லிட்டியே அத்தே. முதல தப்பிச்சிடிச்சி, போஸ்ட்மேன் அழுதாரு. அப்பறம் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

நான் அறிந்தவரை கதை என்றால் முழுதாகச் சொல்வதுதான். பாதியில் நிறுத்தினால் கேட்கிறவர்கள் அடிக்க வருவார்கள். ஒரு கதை நல்லது என்று சொல்ல, அந்தக் கதையையே சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

இனிமேல் பாதியோடு நிறுத்துவது என்று மனதில் போட்டுக்கொண்டேன். நாக்கு கேட்கவில்லை. இன்னும் இரண்டு கதைகள் அப்படியே போயின.

மார்கழியில் கம்பெனியில் ஓவர்டைம் வந்தது. இடுப்பு விட்டுப்போய்விடும். படித்த வரியையே திரும்பப் படித்தபடி தூங்கிவிடுவேன். அப்போது கையில் இருந்தது ஓர் ஆட்டுக்குட்டிக் கதை. குட்டி கூட்ஸ் வண்டியில் ஏறிவிடுகிறது. அதைப் பிடிக்க ஏறிய அக்காவும் தம்பியும் இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. ஊர் பேர் தெரியாத ஸ்டேஷனில், இருட்டில் போய் நிற்கிறது. யாரோ லாந்தரைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். அதற்குமேல் நான் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாரி வரத் தாமதம். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். லாந்தர் வரைக்கும் சொன்னேன்.

"அப்பறம்?" என்றாள் சுசீலா.

"தெரியாது."

"பீலா உடாத அத்தே."

"நெசமாத்தாண்டி. அவ்ளோதான் படிச்சிகீறேன்."

"லாந்தர் வச்சிகினு வர்றது யாரு? போலீசா?" என்றான் எதிர்வீட்டு வேம்புலி.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நானே அந்த ரோசனைலதான் கீறேன்."

"புக்கு எங்க கீது?"

"ஊட்ல. அரிசி டின்னு மேல."

சுசீலா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் வீடு சேர்ந்தபோது டின் மேல் புத்தகம் இல்லை.

அதன்பிறகு அது என் கைக்கு வரவே இல்லை. சுசீலாவிடமிருந்து வேம்புலிக்கு, அவனிடமிருந்து பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு. கிடைக்காதவர்கள் கடைக்குப் போய் வேறு புத்தகம் எடுத்தார்கள். எடுத்தவர்கள் பாதிவரை சொல்லி மற்றவர்களை வெறுப்பேற்றினார்கள்.

"மீதியச் சொல்லேண்டி" என்று சுசீலாவிடம் கெஞ்சினேன்.

"ஐய, ஆசையப் பாரு! சொல்லிட்டா நீ படிக்கமாட்டே."

பொங்கலுக்கு முந்தின வாரம் கடைக்குப் போனேன். நடுத்தட்டு முக்கால்வாசி காலி. பஞ்சருக்கு வந்த சைக்கிள் கவிழ்ந்து கிடக்க, கங்காதரன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"அண்ணாத்தே, அந்தத் தட்டு..." என்று இழுத்தேன்.

"தட்டு கெடக்கட்டும். செயின ஆணியில மாட்டிக்கிறேன்" என்றவர் முகம் மலர நிமிர்ந்தார். "பார்வதம்மா, லாந்தர்காரன் யாரு தெரியுமா? நான் நெனச்சே பாக்கல. அவன்..."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "ஐயோ, வாய மூடு அண்ணாத்தே! படிச்சிட்டுக் குடு, போதும்."

"இன்னும் கொஞ்சம்தான் கீது, இரு."

கவிழ்ந்த சைக்கிளுக்குப் பக்கத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.