தாடி வேறு, தலை வேறு

ஹென்னிங்கின் தாடி சிவப்பாக இருந்தது. சமையலறை விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து, வலது பக்கம் மெல்ல முடியாமல் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதிலிருந்து கன்னம் வீங்கிக் கிடந்ததால் சவரக் கத்தி வைக்கவில்லை. தலைமுடி காய்ந்த புகையிலை நிறம். தாடையிலோ எங்கள் மகள் ரீக்கேயின் பின்னலில் இருக்கிற அதே சிவப்பு. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாள்கூட அவனைத் தாடியோடு பார்த்ததில்லை. டிரம்பெட் வாசிக்கிறவன். அதுவும் பொத்தானே இல்லாத பழைய காலத்து டிரம்பெட். எல்லாச் சுரத்தையும் உதட்டாலேயே பிடிக்க வேண்டும். எங்கள் துரிங்கியா வட்டாரத்து ஊர்களில் தேவாலயக் குழல் கோஷ்டியில் சேர்ந்த பையனுக்கு மீசை அரும்பினால் முதலில் சொல்லிக்கொடுப்பது சவரம்தான். உதட்டோரத்தில் ஒரு மயிர் இருந்தாலும் காற்று ஒழுகுமாம். காய்ச்சலில் கிடந்தாலும் நான் எழுந்திருப்பதற்குள் மழித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ரீக்கே பிறந்தபோது தொட்டிலைக் குனிந்து பார்த்த என் மாமியார் எல்ஃப்ரீடா, இந்த நிறம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாதே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை ஊர் சொன்னது. எங்கள் தேவாலயத்து ஆர்கன் வாசிப்பாளர் வோல்க்மாருக்குத் தீப்பிடித்தாற்போலச் சிவந்த தலை. சனிக்கிழமைதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் செல்லோ வாசிக்கிறேன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? அந்த மனுஷன் அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். முடியின் நிறம் எப்படி வருகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துகிறேன். அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டுமே சிவப்புக்கானதாக இருந்தால்தான் பிள்ளைக்குச் செந்தலை. ஒன்று மட்டும் இருந்தால் அது சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். தலை பழுப்பாகவே இருக்கும். என் அம்மாவின் தம்பிக்குச் செம்பட்டைத் தலை, ஆகவே என் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு தடவை மாமியாரிடம் பாடமே எடுத்தேன். கிழவி பொறுமையாகக் கேட்டாள். "ரெண்டு பக்கமும் வேணும்னு நீயேதானே சொல்ற? எங்க பக்கம் யாரு, காட்டு." சொந்தப் பாடத்திலேயே வாயை அடைத்துவிட்டாள். அன்றைக்கே எனக்கு அலுத்துவிட்டது. அப்புறம் யாரிடமும் வாதாடவில்லை. ஊர் என்ன சொன்னால் என்ன, கட்டினவன் நம்புகிறான், ஒரு நாள்கூட முகம் சுளித்துக் கேட்டதில்லை என்று அதைப் பிடித்துக்கொண்டே நாளை ஓட்டினேன்.

இப்போது அவன் தாடையில் இருக்கிறது சாட்சி.

"உன் தாடி எப்பவுமே இந்தக் கலர்தானா?" என்று கேட்டேன்.

"மொளைச்ச நாள்லேர்ந்து இதான். தெனம் வாஷ்பேசின்ல பாக்குறதுதானே."

"பாத்துட்டு ஏன் ஒருநாளும் சொல்லலை?"

"தாடி வேற, தலை வேறன்னு நெனச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். சிவப்பு மரபணு ஒன்றே ஒன்று இருக்கிற ஆம்பளைகளில் பல பேருக்குத் தலையில் ஒளிந்திருப்பது தாடியில் தலைகாட்டும். உனக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு ஒன்று இருக்கிறது, இரண்டும் ரீக்கேயிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். தோள் இரண்டும் மெல்ல இறங்கின. கண் நிறைந்துவிட்டது.

"அப்ப ரீக்கே என் பொண்ணுதான்," என்றான்.

கையில் துணியோடு அப்படியே நின்றேன். நீயுமா சந்தேகப்பட்டாய் என்று கேட்டபோது நான் ஏன் கேட்கிறேன் என்றே அவனுக்குப் புரியவில்லை போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

"உன்ன ஒரு வார்த்த கேட்டிருப்பேனா நான்? யாருடையதா இருந்தாலும் நாமதானே வளக்குறோம்னு இருந்துட்டேன்."

நல்ல மனுஷன்தான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. கேட்காமலே எட்டு வருஷம் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான். செய்யாத தப்புக்கு ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்து, தினமும் மன்னித்திருக்கிறான். நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கத்தலாம் என்றால் கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அவனோ, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தாடியோடவே வருகிறேன், உதடு படுகிற இடத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன், அம்மா பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்றான்.

அந்த ஞாயிறு மத்தியானம் தேவாலயக் கூடத்தில் வோல்க்மாரின் "பரோக் இசை: ஓர் அறிமுகம்" நிகழ்ச்சி. கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு முன்னால், முந்நூறு வருஷத்துப் பழைய இசைக்கு ஊர்க்காரர்களின் காதைப் பழக்குகிற ஏற்பாடு. மேஜையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுகளை எண்ணுகிற பைன் வளையத்தில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. சர்க்கரை தூவிய கேக்கைப் பெண்கள் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். பல் வைத்தியர் கொஞ்சமாக வாசிக்கலாம் என்று அனுமதித்திருந்ததால் ஹென்னிங் டிரம்பெட்டோடு வந்தான், தாடியோடும் வந்தான். பேச்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தது. எல்ஃப்ரீடா எழுந்து போய் மகன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். ரீக்கேயின் பின்னலைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, கூடத்தில் குளிர் அதிகமாக இருக்கிறது என்று சொல்லித் தன் சால்வையை என் தோளில் போட்டாள். அந்த அம்மாளால் கேட்க முடிந்த மன்னிப்பு அது. இத்தனை வருஷம் இந்த நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன். வந்தபோது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

வோல்க்மார் பேச ஆரம்பித்தார். மேலே போகிற பாட்டு தானாகக் காதில் விழும், நீங்கள் கீழே போகிற தாழ்சுரத்தைக் கேளுங்கள், பரோக் கட்டடத்துக்கு அதுதான் அஸ்திவாரம், அது ஒரு கணமும் ஓயாது என்றார். என்னைச் செல்லோவில் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அந்தக் காலத்தில் இப்போதுபோல மேடையேறிக் கோல் வீசுகிற நடத்துனர் கிடையாது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சேர்ந்து மூச்செடுத்துத்தான் தொடங்குவார்கள் என்று சொல்லிவிட்டு ஹார்ப்சிகார்ட் என்கிற அந்தக் காலத்துப் பியானோவின் முன்னால் உட்கார்ந்தார். ஹென்னிங் எழுந்து எனக்கு எதிரே நின்றான்.

எப்போதும் நான்தான் அவனுக்கு மூச்சு கொடுப்பேன். தலையை லேசாகத் தூக்கி அவன் கண்ணைப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஒன்றாக இழுப்போம். அந்த மூச்சில் அவன் உள்ளே வருவான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

டிரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். கூடம் அமைதியாகிவிட்டது. வோல்க்மாரின் கைகள் கட்டைகளின் மேலே நின்றன. முதல் வரிசையில் மாமியார் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். வில்லைத் தந்தியில் வைத்தேன். அவன் புருவம் மெல்ல உயர்ந்தது, ஓரக்கண்ணில் அவ்வளவு தெரிந்தது. நான் தலையைத் தூக்காமல் எதிரிலிருந்த சுரத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.