குலசைக் கேசட்

இரட்டை டெக் டேப் ரெக்கார்டர் வைத்திருக்கிறவன் செய்யவே கூடாத ஒரே தப்பை ஸ்ரீவத்ஸன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, மிகுந்த பொறுப்போடு செய்தான். பாட வேண்டிய பழைய கேசட்டைப் பதியும் பக்கத்திலும், பதிய வேண்டிய புதுக் கேசட்டைப் பாடும் பக்கத்திலும் போட்டு அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது புதுக் கேசட்டின் வெறுமை முழுவதும் பழையதில் சுத்தமாக இறங்கியிருந்தது. வேகமாகப் பதியும் பொத்தானை வேறு அமுக்கியிருந்தான். நல்ல காரியத்தில் தாமதம் எதற்கு?

யாரும் அழித்துவிடக் கூடாது என்று எட்டு வருஷத்துக்கு முன்பே அந்தக் கேசட்டின் முதுகுத் துண்டை உடைத்து வைத்தவன் இசக்கிமுருகன். கடைசியில் மிச்சமிருந்த ஐந்து நிமிஷத்தில் தன் கிட்டாரைப் பதிய, அந்த ஓட்டையைச் செலோடேப்பால் அடைத்து மறுபடி பதியும்படி ஆக்கியவன் ஸ்ரீவத்ஸன்.

தொண்ணூற்றொன்று, குலசைக் கோவில் தசரா, பக்தர்கள் வேஷம் கட்டி ஆடும் திருவிழா. வண்ணார்பேட்டை லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒத்திகை பார்த்த நாலு பேரின் ராக் பேண்டுக்கு முதல் மேடை. இரண்டாவது பாட்டிலேயே ஸ்ரீவத்ஸனின் கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி வீட்டில் இருந்தது. கூட்டம் கலைவதற்குள் இசக்கி தனியாக டிரம்மை எடுத்தான். பதினோரு நிமிஷம். காளி வேஷம் கட்டிய ஒருவர் அட்டைக் கைகள் கழன்று விழுவது தெரியாமல் ஆடினார். கேசட்டில் இருந்தது அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து இசக்கி வருவதை நிறுத்தினான். கங்கைகொண்டானில் மில் வேலைக்குப் போய்விட்டான். கைலாசம் உட்பட மற்ற மூவரும், ஏற்கெனவே வாங்கியிருந்த, தானே தாளம் போடும் ரிதம் பெட்டியை வைத்து ஒப்பேற்றினார்கள். அது ஒருநாளும் தாளம் தப்பவில்லை. அதனால்தானோ என்னவோ, அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

போன வாரம்தான் இசக்கி போன் பண்ணியிருந்தான். "நான் டிரம் அடிச்சேம்னா எம்மவ செல்வி நம்ப மாட்டேங்கா. அந்தக் கேசட்டுல ஒரு காப்பி போட்டுத் தாலே."

மத்தியானம் மில் வாசல் டீக்கடையில் ஸ்ரீவத்ஸன் கேசட்டை நீட்டினான்.

"அழிஞ்சு போச்சுலே. நாந்தான் அழிச்சேன்."

இசக்கி அதைத் திருப்பிப் பார்த்தான். செலோடேப்பை நகத்தால் பைய உரித்தான்.

"இன்னைக்குக் கொண்டாரேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றான்.

எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருப்பவன் ஸ்ரீவத்ஸன். இப்போது ஆறு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டான்.

"ஏன்லே எங்கள விட்டுட்டுப் போன? கைலாசம், உனக்கு வீட்டுக் கஷ்டம்ங்கான். நீ மணிக்கட்டு வலின்னு சொன்ன."

"மணிக்கட்டு நல்லாத்தான் இருக்கு." இசக்கி டீயைக் கீழே வைத்தான். "ரிதம் பெட்டி வாங்கியாந்த அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் என்ன சொன்ன? 'இந்த டிரம்மர் சோறு கேக்க மாட்டான், நேரங்கழிச்சு வரமாட்டான்'ன்னு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். மறுநா நீ வந்து 'சும்மா சொன்னேம்லே'ன்னு சொல்லுவன்னு வீட்டுலயே காத்துக் கெடந்தேன். ஒரு வாரம் கெடந்தேன், வத்ஸா."