அழுத்தம் விழும் இடம்

ஈஸ்ட் ஹாம் மருந்துக்கடையில் தயாளினி ஆறு வருடமாக வேலை செய்தாள். பாரிஸிலிருந்து வந்த புதிதில் ஆங்கில மருந்துப் பெயர்கள் அவள் நாக்கில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நீளச் சொல்லையும் துண்டு துண்டாக உடைத்து, எந்தத் துண்டை ஓங்கிச் சொல்வதென்று பஸ்ஸில் முணுமுணுத்தே பழகினாள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஸ்ரீநிதி அப்படியெல்லாம் பாடுபடவில்லை. வந்த மாதமே வாடிக்கையாளர்கள் அவளைத் தேடத் தொடங்கினார்கள். முதலாளி பத்மநாதன் டெலிபோனை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். தயாளினிக்கு வயிறு எரிந்தது.

இருவரில் ஒருத்தியை, மருந்துச்சீட்டுப்படி மருந்து எடுத்துக்கொடுக்கும் டிஸ்பென்சர் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகவும், ஆளுக்கொரு மருந்தைக் கொடுத்துத் தனித்தனியே கூப்பிட்டுக் கேள்வி கேட்கப்போவதாகவும் பத்மநாதன் சொல்லியிருந்தார். அன்று காலை ஸ்ரீநிதி தனக்குக் கொடுத்த மாத்திரைப் பெட்டியோடு வந்தாள்.

"அக்கா, ஆன்டிகோஆகுலன்ட்ல எங்க அழுத்திச் சொல்லணும்?"

நடுவில் வரும் 'ஆக்' என்பதில்தான். தயாளினிக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

"'கோ' எண்டதை அழுத்திச் சொல்லு," என்றாள்.

தயாளினியின் முறை ஒரு தடங்கலுமில்லாமல் முடிந்தது. பிறகு ஸ்ரீநிதி உள்ளே போனாள். 'கோ' ஓங்கி ஒலித்தது, பத்மநாதன் சிரித்தார். வெளியே நின்ற தயாளினிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ஸ்ரீநிதியை.

"ஏன் அண்ணை? நான் ஒரு சொல்லும் பிழை விடேல்லையே!"

"ஓம், விடேல்லை. ஆனா நோயாளிக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லும் எண்டு கேட்டன். நீர் உம்மடை மருந்தின்ரை பேரைச் சொல்லிப்போட்டு நிண்டிட்டீர். அவ சொல்லை உடைச்சு, 'ஆன்டி' எண்டா எதிர், மிச்சம் ரத்தம் கட்டுறது, கட்ட விடாத மருந்து எண்டு விளங்கப்படுத்தினா. உச்சரிப்பைத் திருத்தலாம்தானே."

ஸ்ரீநிதி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "அக்கா, நாம ரெண்டு பேருமே தப்பா சொல்லிட்டிருந்திருக்கோம்! 'ஆக்'லதான் அழுத்தணுமாம். எங்க, சொல்லுங்க பாப்போம்."

வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னால், காலையில் செய்தது வெளியே வந்துவிடும். தயாளினி சொன்னாள், ஆறு துண்டும் பிசகாமல், அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழ.

"சூப்பர் அக்கா!" ஸ்ரீநிதி கைதட்டினாள்.

"கெட்டிக்காரி, ஒரு தரத்திலையே பிடிச்சிட்டீர்," என்றார் பத்மநாதன். அவர் தயாளினியை மெச்சியது அதுதான் முதல் தடவை. அவள் எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.