தொண்ணூறு பந்தும் பத்து நாள் தீட்டும்

ஒரு மனிதர் ஒரே முட்டாள்தனத்தைத் தொண்ணூறு தடவை செய்வதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சனிக்கிழமை சாயங்காலம் நான் பார்த்தேன். அந்த மனிதர் என் கணவர் மஹேஷ்.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு டிரைவிங் ரேஞ்ச் திறந்திருக்கிறார்கள். கோல்ஃப் பந்துகளை வாளியில் கொடுப்பார்கள். ஒவ்வொன்றாகப் பாயில் வைத்து எதிரே உள்ள புல்வெளியில் அடித்துப் பழக வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மஹேஷ் அடித்ததில் பாதி பாயைத் தாண்டி நாலடி உருண்டது. மீதி வலப்பக்கம் கோணிக்கொண்டு போய் வேலியில் மோதியது. ஒரு பந்து தூணில் பட்டுத் திரும்பி என் செருப்பருகே வந்து நின்றது.

முதலில் பாய் வழுக்குகிறது என்றார். பிறகு கையுறை சரியில்லை என்றார். அப்புறம் பக்கத்தில் ஆடிய கிழவரின் இருமல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடம், தூண், கூரை எல்லாமே கோணல். கிழவர் இருமிக்கொண்டே அடித்த பந்துகளோ நேராகப் போயின.

இவர் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் பிறந்து கேரம்போர்டைத் தவிர வேறொன்றையும் தொடாதவர். கப்பல் சரக்கு ஏஜென்சியில் மானேஜர். ஆறு மாதம் முன்பு ஒரு விருந்தில் எம்.டி. வினீத் சார் கோல்ஃப் பற்றிப் பேச, இவர் தானும் ஐந்து வருடமாக ஆடுவதாக யாரும் கேட்காமலே அளந்துவிட்டார். இப்போது விழிஞ்ஞம் துறைமுகக் கிளைக்குத் தலைவர் போடப் போகிறார்கள். இவர், இல்லாவிட்டால் இவரோடு வேலை பார்க்கும் சுமந்த். இருவரையும் ஞாயிற்றுக்கிழமை தன்னோடு ஆட வரும்படி வினீத் சார் சொல்லியிருந்தார். அந்தப் பதவியில் எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நாலடி உருளும் பந்தைப் பார்த்தபின் இவர் பொய் ஒரு மணி நேரம் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு ஸ்விங் கொஞ்சம் ஸ்டிஃப்பா இருந்தது. பேசிக்ஸ் எல்லாம் கரெக்டாக்கும்" என்றார் காரில். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

"ஆடத் தெரியாதுன்னு சார்ட்ட உள்ளதைச் சொல்லிடுங்கோளேன்."

"சும்மா இரு. சுமந்த் சிரிப்பன்."

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வினீத் சாரை அழைத்தார். மணிக்கட்டுச் சுளுக்கு என்ற சாக்கைப் போன மாதமே செலவழித்தாயிற்று. இப்போது என்ன சொல்வார் என்று நான் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், எண்டெ வல்யச்சன் மரிச்சுபோயி. இன்னு ராவிலெ. ஞங்ஙள்க்கு பத்து திவசம் புலயாணு."

பெரியப்பா காலையில் இறந்துவிட்டாராம். பத்து நாள் தீட்டாம். கோல்ஃப் மட்டையைத் தொடக்கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ.

"அய்யோ, பிச்சுமணி ஸ்வாமியோ? நல்ல மனுஷ்யன்!" என்றார் வினீத் சார். எங்கள் கிரகப்பிரவேசத்தில் பார்த்த ஞாபகம் அவருக்கு. "களியெல்லாம் பின்னீடாவாம். ஞான் நாளெ வீட்டிலேக்கு வராம்."

ஆட்டமெல்லாம் அப்புறமாம், நாளைக்குத் துக்கம் கேட்க வீட்டுக்கே வருகிறாராம். "வேண்டா சார்" என்று இவர் குழறுவதற்குள் அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

பிச்சுமணி பெரியப்பா, மஹேஷின் அப்பாவுக்கு அண்ணா. குழந்தை இல்லை. பெரியம்மாவும் போய்விட்டாள். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். விளக்கேற்றும் நேரம் என்று நான் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நாங்கள் கூடத்துக்கு வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கோயில் சந்தனம், வாழையிலைத் துண்டில்.

"எப்ப வந்தேள் பெரியப்பா?" என்றேன். ஸ்பீக்கரில் பேசியது கூடம் வரை கேட்டிருக்கும்.

"இப்பத்தான். நாளைக்கு இவனுக்கு ஏதோ பந்தாட்டம்னானே. இவன் நக்ஷத்ரத்துக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன்."

மஹேஷ் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். பெரியப்பா இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தீட்டாத்துல பிரசாதம் குடுக்கப்படாது."

கொஞ்சமாவது வெட்கம் இருந்தால் அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். என் புருஷனுக்கு வேறு கவலை. "பெரியப்பா, சார் நாளைக்கு இங்க வரார். ஒரு பத்து நாள் மட்டும் நீங்க இந்தப் பக்கம் வராம இருந்தேள்னா..."

பெரியப்பா இலையை மடித்து வேஷ்டி முனையில் முடிந்துகொண்டு எழுந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"எனக்குக் கொள்ளி போட நீ ஒருத்தன் இருக்கேன்னு நெனச்சுண்டிருந்தேன். போட்டாச்சு. பத்து நாள் கழிச்சு மட்டும் என்னத்துக்கு வரணும்?"

படியிறங்கிப் போய்விட்டார். மஹேஷ் என் பக்கம் திரும்பினார். "பத்மா, பின்னாடியே போய் நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னாக் கேப்பர்."

எந்த முகத்தோடு போவேன்? ஃபோனில் இவர் பெரியப்பாவைக் கொன்றபோது பக்கத்தில்தான் இருந்தேன். வினீத் சார் அதை நம்பிவிட்டார் என்று தெரிந்ததும், அப்பாடா என்று பெருமூச்சு விட்டவள் நான்.